வராத வெள்ளத்துக்கு எதற்கு ஆறு ஷட்டர்?

நீர்மின் திட்ட ஆய்வுக் கூட்டங்களில் வெள்ளக் கணக்கின் முறை பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்புதான் வரும். சுரங்கம், டர்பைன், நிலம் எடுப்பு, யூனிட் விலை எல்லாம் பேசி எல்லோரும் களைத்திருப்பார்கள். அப்போது நிதிப் பிரிவிலிருந்து ஒருவர் கேட்பார்: "இவ்வளவு தண்ணீர் இந்த ஆற்றில் எப்போது வந்தது?" வந்ததே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். அதைச் சொன்னவுடன் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "வராத வெள்ளத்துக்கு எதற்கு ஆறு ஷட்டர்?"

நான் நீரியல் பொறியாளன். மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய நீர்மின் திட்டங்களுக்குச் சாத்திய அறிக்கை எழுதுவது, பழைய அணைகளின் வெள்ளக் கணக்கைத் திரும்பப் போடுவது என்று பணி ஓய்வு வரை இதே வேலைதான். 2012-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் அணைகள் புனரமைப்புத் திட்டம் தொடங்கியபோது, பழைய அணைகளுக்கு மறு கணக்கு போடும் வேலை குவிந்தது. அந்தக் காலத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற இளைஞர்கள் மென்பொருளைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். அதற்குள் போகும் எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால்தான் திணறுகிறார்கள்.

முதலில் விதி. 1985-இல் வந்த இந்தியத் தர நிர்ணய ஏடு 11223 அணைகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. கொள்ளளவு 1 கோடி கனமீட்டர் வரை, நீர்த்தலை (அணைக்கு மேல்பக்க நீர்மட்டத்துக்கும் கீழ்ப்பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்) 12 மீட்டர் வரை என்றால் சிறிய அணை. அதற்கு நூறாண்டு வெள்ளம் போதும். 6 கோடி கனமீட்டர், 30 மீட்டர் வரை நடுத்தரம். அதற்குத் திட்டத் தர வெள்ளம், அதாவது அந்தப் பகுதியில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கடும் மழையால் வரும் வெள்ளம். அதற்கும் மேலே போனால் உச்ச சாத்திய வெள்ளம், எங்கள் பேச்சில் பி.எம்.எஃப். ஓர் இடத்தில் இயற்கை பொழியக்கூடிய மழையின் மேல் எல்லை எதுவோ, அது ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணின் மேல் பெய்தால் ஆற்றில் எவ்வளவு வரும் என்பதே அந்த வெள்ளம்.

இந்த விதியில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் ஒரு வரி உண்டு. கொள்ளளவும் நீர்த்தலையும் வெவ்வேறு வகுப்பைக் காட்டினால், பெரிய வகுப்பே செல்லும். மலை நீர்மின் அணைகளுக்கு இதுதான் முக்கியம். குறுகிய பள்ளத்தாக்கில் 35 மீட்டர் உயரத்துக்கு அணை எழுப்பினாலும் தேங்குவது 50 லட்சம் கனமீட்டராக இருக்கலாம். "சின்ன நீர்த்தேக்கம்தானே, நூறாண்டு வெள்ளம் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. உயரம் அதைப் பெரிய அணை ஆக்கிவிட்டது.

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரிசை தவறாமல் வருவது என்று பொறியாளர்களில் சிலரே நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த ஓர் ஆண்டிலும் அதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் பொருள். அணை 50 ஆண்டு நின்றால், அதற்குள் ஒருமுறையாவது அந்த அளவைத் தாண்டிய வெள்ளம் வர ஏறக்குறைய 40 சதவீத வாய்ப்பு. கூட்டங்களில் மற்ற எந்த விளக்கத்தைவிடவும் இந்த ஒரு கணக்குதான் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆயிரமாண்டு வெள்ளத்தை எடுத்தால்கூட நூறு ஆண்டு நிற்கும் அணையில் பத்தில் ஒன்று. கீழே ஊர் இருக்கும்போது பத்தில் ஒன்று என்பது சின்ன எண் அல்ல.

பழைய கோப்புகளைத் திறந்தால் இந்த நுணுக்கம் எதுவும் இருக்காது. ரைவ்ஸ் சூத்திரம் இருக்கும். சென்னை மாகாண நீர்நிலைகளுக்காக 1884-இல் வந்தது அது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையை ஒட்டி 6.8, உள்ளே தள்ளி 8.5, மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு 10.2. ஏரிக் கலிங்குகளுக்கு இது நன்றாகவே உழைத்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 60 சதுர கிலோமீட்டர் மலை நீர்ப்பிடிப்புக்கு அதிகபட்சக் கெழுவைப் போட்டாலும் வினாடிக்குச் சுமார் 156 கனமீட்டர்தான் கிடைக்கும்.

இதை ஒரு நிஜ மழையோடு வைத்துப் பார்க்கலாம். 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 820 மில்லிமீட்டர் பெய்தது. குந்தா நீர்மின் திட்டத்தின் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் இருக்கும் இடம் அது. மழைமானி நிற்கும் இடத்தில் பெய்வது பரப்பு முழுவதும் பெய்யாது என்பதால் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதே 60 சதுர கிலோமீட்டரில் அந்த மழை விழுந்தால், நாள் முழுவதற்குமான சராசரி வரத்தே வினாடிக்கு 425 கனமீட்டரைத் தாண்டுகிறது. உச்சம் அதற்கு எவ்வளவோ மேலே இருக்கும். சூத்திரம் உச்சத்துக்குத் தந்த எண், ஒரு நாள் சராசரியின் பாதியைக்கூட எட்டவில்லை. எந்தப் பழைய கோப்பில் கெழுவும் அடுக்கும் மட்டும் இருக்கிறதோ, அந்த அணையின் மறு கணக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

புள்ளியியல் பக்கம் ஓடுவதும் தீர்வாகாது. மலை ஆறுகளில் நமக்குக் கிடைக்கும் நீரோட்டப் பதிவு பெரும்பாலும் 30, 40 ஆண்டுகள். கம்பல் தாளில் (வெள்ளத்தின் அளவையும் அது வரும் வாய்ப்பையும் குறிக்கும் வரைபடத் தாள்) புள்ளிகளைக் குத்தி, கோட்டை இழுத்து, பத்தாயிரமாண்டு வெள்ளம் இவ்வளவு என்று மூன்று தசம இடத்தோடு எழுதுவார்கள். மூன்று பாட்டைப் படித்துவிட்டு முழுக் காப்பியத்துக்கும் உரை எழுதுவது போன்றது அது. நூறாண்டு வரை அந்தக் கோட்டை நம்பலாம். அதற்கு மேல், மழையிலிருந்து வெள்ளத்துக்குப் போகும் வழிதான் சரி.

ஆகவே மழையைத் தேட வேண்டும். இந்த வேலையில் உயிர் இருக்கும் இடம் அதுதான், பொழுது போவதும் அங்கேதான்.

அரசு மழைமானிகளின் பதிவைக் கேட்டு வாங்குவதோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. மலையில் அது போதாது. நீலகிரி, வால்பாறை, மூணாறு பகுதிகளில் தேயிலைத் தோட்ட அலுவலகங்கள் தினசரி மழையை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து எழுதி வந்திருக்கின்றன. அந்தப் பேரேடுகள் அலமாரியின் அடித்தட்டில், சம்பளப் பட்டியல்களுக்குக் கீழே கிடக்கும். ஒரு தோட்டத்தில் தலைமை எழுத்தர் தாமே தூசு தட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, "சார், எங்களுக்கு மழை இஞ்சிலும் சென்டிலும்தான்" என்றார். ஓர் அங்குலம் நூறு சென்ட். மில்லிமீட்டருக்கு மாறிய ஆண்டு தோட்டத்துக்குத் தோட்டம் வேறாக இருக்கும். மாறியதை யாரும் குறித்திருக்க மாட்டார்கள். ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு எண்கள் திடீரென்று பல மடங்கு கூடினால் புயலைத் தேடாதீர்கள், அலகைத் தேடுங்கள்.

இன்னொரு சிக்கல் மழைமானியே. 200 சதுர சென்டிமீட்டர் வாய் உள்ள மானிக்குள் 4 லிட்டர் குடுவை இருந்தால் அது 200 மில்லிமீட்டர்தான் பிடிக்கும். பெருமழை இரவில் யாராவது எழுந்து போய் இடையில் அளந்து கொட்டாவிட்டால், காலையில் எழுதப்படும் எண் குடுவையின் அளவாக இருக்குமே தவிர மழையின் அளவாக இருக்காது. பல ஆண்டுப் பதிவில் பெருமழை நாட்கள் எல்லாம் ஒரே எண்ணில் முட்டி நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒரு பேரேட்டில் அப்படிப்பட்ட ஒரு நாளுக்கு எதிரே, சிவப்பு மையில், "நிரம்பி வழிந்தது" என்று யாரோ எழுதி வைத்திருந்தார். அந்த நல்ல மனிதர் யாரென்று தெரியாது. அந்த இரண்டு சொற்களால், அந்த நாளின் எண்ணை மேல் எல்லையாக எடுக்காமல் கீழ் எல்லையாக எடுத்தோம். கணக்கே வேறு திசையில் போயிற்று.

மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது என்பதும் நினைவிருக்க வேண்டும். மாலையில் தொடங்கி மறுநாள் மாலை வரை கொட்டிய மழையை இரண்டு நாளுக்குப் பங்கு போட்டு எழுதியிருப்பார்கள். அதற்காகத்தான் ஒரு நாள் மழையை 24 மணி நேர மழையாக மாற்றும்போது 15 சதவீதம் வரை, 50 மில்லிமீட்டருக்கு மிகாமல் கூட்டும் வழக்கம் வந்தது. இளைய பொறியாளர்கள் இந்தத் திருத்தத்தை மறந்துவிடுகிறார்கள், அல்லது ஏற்கெனவே திருத்திய எண்ணின் மேல் இன்னொரு முறை கூட்டுகிறார்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் கேட்பதும் வேலையில் ஒரு பகுதியே. "பெரிய வெள்ளம் எப்போது வந்தது?" என்று கேட்டால் ஆளுக்கோர் ஆண்டைச் சொல்வார்கள். "தண்ணீர் எங்கே வரை வந்தது?" என்று கேட்க வேண்டும். ஒரு பெரியவர் என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போய், "இந்தப் படி நனைந்தது தம்பி, மேல் படி நனையவில்லை" என்று தடியால் தொட்டுக் காட்டினார். ஆண்டு அவருக்கு நினைவில்லை, பேரன் பிறந்த வருடம் என்றார். போதும். படியின் மட்டத்தை அளந்து, ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் எடுத்தால் மானிங் சமன்பாடு ஓர் ஓட்டத்தைத் தந்துவிடும். கரடுமுரடான எண்தான். இருந்தாலும் நாம் கணக்கிட்ட நூறாண்டு வெள்ளம் ஒரு மனிதர் கண்ணால் பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் எங்கோ பிசகு என்று அது சொல்லிவிடும்.

ஏற்கெனவே அணை உள்ள ஆற்றில் நீர்மட்டப் பதிவேடு பெரிய சொத்து. மட்டம் ஏறிய அளவையும் வெளியேற்றியதையும் வைத்து வரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் நள்ளிரவு முதல் விடியற்காலை வரை மட்டம் மணிக்கு மணி ஒரே அளவு ஏறியதாக எழுதியிருந்தால், அது அளந்ததல்ல, பங்கிட்டது. மழையிலும் இருட்டிலும் அளவுகோலைப் பார்க்கப் போக முடியாத காவலரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளத்தின் உச்சம் அந்த இரவில்தான் போயிருக்கும், அது பதிவேட்டில் இல்லை.

இனி, நம் நீர்ப்பிடிப்பில் பெய்யாத மழையை அங்கே கொண்டுவந்து வைக்கும் வேலை. அருகில் எங்கோ பெய்த பெரும்புயலை எடுத்து, காற்றின் ஈரம் அன்று இருந்ததைவிட அதிகபட்சம் எவ்வளவு இருந்திருக்கலாம் என்று உயர்த்தி, நம் பரப்பின் மேல் வைக்கிறோம். எந்தப் புயலை எங்கே நகர்த்தலாம் என்பதில்தான் எல்லாச் சண்டையும். நீலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு விளிம்பில் அவலாஞ்சியும் அப்பர் பவானியும் தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்குகின்றன. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் அடி விழும். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை அந்தப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாயாறு இறங்கும் மசினகுடிப் பக்கம் மழை மறைவு. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று வேறு மழை. மேற்கு விளிம்புப் புயலை மழை மறைவில் வைத்தால் பணம் வீண், மறைவுப் பகுதிப் பதிவை மேற்கு விளிம்பில் வைத்தால் அணை போகும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு எல்லோரும் எடுக்கும் புயல் 1924 ஜூலையில் தேவிகுளத்தை மையமாகக் கொண்டு பெய்தது. மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099. மூணாறின் ரயில் பாதை அந்த வெள்ளத்தோடு போயிற்று, பிறகு கட்டப்படவே இல்லை. அதே மாதம் காவிரியிலும் பெருவெள்ளம். மேட்டூர் அணையின் வேலை அதற்கு அடுத்த ஆண்டில்தான் தொடங்கியது. அணை எழும்பிய பிறகு வராமல் முன்பே வந்ததைத் திட்டமிட்டவர்களின் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன். மேட்டூரில் உபரிநீர் அணைக்குப் பக்கவாட்டில், பதினாறு கண் மதகு வழியாகத் தனியே வெளியேறுவதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள்.

2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை கேரளம் முழுவதும் பெய்த மழையை மத்திய நீர்வள ஆணையம் ஆராய்ந்தபோது, அது 1924 தேவிகுளம் புயலோடு ஒப்பிடத்தக்கது என்றது. மாநிலச் சராசரியே மூன்று நாளில் சுமார் 414 மில்லிமீட்டர். "நூறு வருடப் பழைய புயலை இன்னும் ஏன் சுமக்கிறீர்கள்?" என்று கேட்டவர்கள் அதன் பிறகு கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே அவலாஞ்சி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர். மலையே இல்லாத கடற்கரை ஊர் அது. மலைச்சரிவு காற்றைத் தூக்கினால்தான் இப்படிப் பெய்யும் என்று வைத்திருந்த எண்ணத்தை அது அசைத்துவிட்டது. 2010-க்கு முன்பு முடித்த வெள்ளக் கணக்கை இந்தப் புயல்களைச் சேர்த்துத் திரும்பிப் பார்க்காமல் எந்தப் புதிய திட்ட அறிக்கையிலும் ஒட்டக்கூடாது என்பது என் கருத்து.

மழை கையில் வந்த பிறகு அதை மணிக்கணக்காகப் பிரிப்பது, அலகு நீர்வரைபடத்தோடு (ஓர் அலகு மழை ஆற்றில் மணிக்கு மணி எவ்வளவு ஓட்டமாக வரும் என்று காட்டுவது) சேர்ப்பது எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. காவிரிப் படுகைக்கு 3(ஐ) உபமண்டல வெள்ள மதிப்பீட்டு அறிக்கை உதவும். மண் உறிஞ்சுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மணிக்கு 1 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு நாளில் கழிவது 24 மில்லிமீட்டர். அறுநூறு மில்லிமீட்டர் மழையில் அது பொருட்டே அல்ல. சோலைக்காடு போய்த் தேயிலையும் சீகை மரமும் வந்ததால் வெள்ளம் கூடியது என்று சொல்பவர்கள் உண்டு. சாதாரண வெள்ளத்துக்கு அது உண்மை. பி.எம்.எஃப். அளவில் காடும் தேயிலையும் ஒன்றாகவே நனைந்து கிடக்கும்.

அடுத்து, நீர்த்தேக்கத்தின் வழியே வெள்ளத்தைக் கடத்திப் பார்க்கும் கணக்கு. இங்கே நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. வெள்ளம் வரும் நேரத்தில் நீர்த்தேக்கம் நிரம்பியிருப்பதாகவே தொடங்க வேண்டும். ஆகஸ்டில் மின்வாரியம் அணையைக் காலியாக வைத்திருக்காது. ஒரு ஷட்டராவது திறக்காது என்று எடுக்க வேண்டும். மலையில் நிலச்சரிவு வந்தால் மின்கம்பி அறும், பாதை அடைபடும், டீசல் ஜெனரேட்டருக்கு எண்ணெய் கொண்டு வரும் வண்டி வராது, மரங்கள் வந்து மதகில் குறுக்கே விழும். கொள்ளளவு வரைபடமும் பழையதாக இருக்கக் கூடாது. பில்லூரில் வண்டல் எவ்வளவு தொல்லை என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கட்டிய நாளின் கொள்ளளவைப் போட்டால் காகிதத்தில் வெள்ளம் தணிந்துவிடும், ஆற்றில் தணியாது. மேலே இன்னோர் அணை இருந்தால் அது என்ன செய்யும் என்பதையும் எழுத வேண்டும்.

ஒருமுறை ஒரு திட்டத்தில் வடிவமைப்புப் பிரிவு எனக்கு முன்பே ஆறு ஷட்டருக்கு வரைபடம் போட்டு முடித்துவிட்டது. என் எண் ஏழு கேட்டது. "கெழுவில் கொஞ்சம் பாருங்களேன்" என்று மேலிருந்து சொன்னார்கள். யாரும் தவறாகச் செய் என்று சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் பார் என்றுதான் சொல்வார்கள். நான் ஒன்று செய்தேன். எந்தப் புயல், ஈரத் திருத்தம் எவ்வளவு, எந்த மண் இழப்பு, அதை ஏன் எடுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி, பக்கத்தில் மாற்று எண்ணையும் அதை ஏற்பவர் கையெழுத்துக்கு ஒரு கட்டத்தையும் வைத்து அனுப்பினேன். கட்டம் காலியாகவே திரும்பி வந்தது. ஏழு ஷட்டர் நின்றது.

குஜராத்தின் மச்சு 2 அணையைப் பற்றி அந்தக் கூட்டங்களில் அடிக்கடி சொல்வேன். உபரி வெள்ளம் வெளியேறும் மிகைநீர்ப் போக்கி வினாடிக்கு 2 லட்சம் கன அடிக்குக் கட்டப்பட்டது. 1979 ஆகஸ்ட் 11 அன்று வந்தது அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இருபுறமும் மண் கரைகள். மேலே தண்ணீர் ஏறியதும் கரைந்தன, மோர்பி நகரம் அழிந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை உறுதியாகவில்லை. கான்கிரீட் அணையின் மேல் சிறிது நேரம் தண்ணீர் வழிந்தால் பெரும்பாலும் தாங்கிவிடும், மண் அணைக்கு அந்த மன்னிப்பு கிடையாது. ஒடிசாவின் ஹிராகுட் கொஞ்சம் நல்ல கதை: வினாடிக்கு 42,450 கனமீட்டருக்குக் கட்டிய அணையின் பி.எம்.எஃப். மறு கணக்கில் 69,632 ஆயிற்று. கூடுதல் மிகைநீர்ப் போக்கி வேண்டும் என்று அணை நிற்கும்போதே தெரிந்துகொண்டார்கள்.

இமயமலைப் பக்கம் மழை மட்டும் போதாது. 2023 அக்டோபர் 4 அதிகாலை சிக்கிமில் தெற்கு லோனக் பனிப்பாறை ஏரி உடைந்து வந்த வெள்ளம், சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா 3 திட்டத்தின் 60 மீட்டர் உயர அணையை அடித்துக்கொண்டு போயிற்று. அந்த மலைகளில் வேலை செய்யும் நண்பர்களிடம் நான் கேட்பது, மேலே உள்ள ஒவ்வோர் ஏரியின் உடைப்பு வெள்ளத்தையும் தனியாகக் கணக்கிட்டு, அதை மழை வெள்ளத்தோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான்.

இப்போது எல்லோரும் நீரேற்று மின் திட்டங்கள் பின்னால் ஓடுகிறார்கள். கீழ் நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பம்பால் மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பவை இவை. குந்தாவிலேயே 500 மெகாவாட் வருகிறது. பல இடங்களில் இவற்றின் மேல் நீர்த்தேக்கத்துக்கு நீர்ப்பிடிப்பு மிகச் சிறிது. அதனால் அறிக்கைகளில் வெள்ள அத்தியாயம் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிறது. 2005 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் மிசூரியில் டாம் சாக் மேல் நீர்த்தேக்கம் உடைந்தபோது பெருமழை எதுவும் இல்லை. மட்டக் கருவிகள் தவறாகக் காட்டின, பம்புகள் ஓடிக்கொண்டே இருந்தன, தண்ணீர் கரையைத் தாண்டியது. மிகைநீர்ப் போக்கியே அங்கே கட்டப்படவில்லை. அப்படியொரு அரைப் பக்க அத்தியாயம் அண்மையில் கருத்துக் கேட்டு என்னிடம் வந்தது. 24 மணி நேர உச்ச மழையோடு எல்லாப் பம்புகளும் முழு வேகத்தில் ஓடுவதையும் சேர்த்து மிகைநீர்ப் போக்கியைக் கணக்கிடுங்கள், இரண்டு மட்டக் கருவிகளும் ஒரே குழாயில் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று எழுதுங்கள் என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.